98 சதவீதம் நீக்கும் கரியும் உங்கள் கிணற்றுத் தண்ணீரும்

நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்ததில் லிட்டருக்கு 0.04 மில்லிகிராம் ஈயம் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. தேங்காய் ஓட்டிலிருந்து செய்த கரி தண்ணீரில் இருந்த ஈயத்தில் 98 சதவீதத்தை நீக்கியது என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்திருக்கிறீர்கள். அந்த மாதிரிக் கரியை வீட்டிலேயே சுட்டு, ஒரு டிரம்மில் நிரப்பி, அதன் வழியாக வடித்துக் குடிக்கலாமா, இல்லை கிராஃபீன் ஆக்சைடு போன்ற புதிய பொருள்தான் வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. ஆய்வகத்தில் கிடைத்த ஓர் எண்ணை நம்பி வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்பதுதான் இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன். கார்பனால் ஈயத்தைப் பிடிக்க முடியும், இதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் சுட்ட கரியை நம்பி அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். நீங்கள் படித்த 98 வேறொரு தண்ணீரைப் பற்றிய எண்.

நான் கார்பன் பொருள்களில் உலோக அயனிகள் ஒட்டுவதைப் பற்றி ஆய்வு செய்தவன். அதன்பிறகு பல வருடங்களாகத் தண்ணீர் மாதிரிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். வேதியியல் பக்கத்தைத் தெளிவாகச் சொல்ல முடியும். உடம்பைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஏற்கெனவே குடித்த தண்ணீரால் பாதிப்பு உண்டா என்பதை இரத்தத்தில் ஈய அளவு பார்த்து ஒரு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அந்தச் சோதனையைத் தள்ளிப் போட வேண்டாம்.

சரி, அந்த 98-க்கு வருவோம். இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் லிட்டருக்கு 50 அல்லது 100 மில்லிகிராம் ஈயம் கலந்த தண்ணீரைத்தான் தயார் செய்வார்கள். காய்ச்சி வடித்த நீரில் ஈய நைட்ரேட்டைக் கரைத்து, அதில் கரித்தூளைப் போட்டு, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ குலுக்கி, மேலே தெளிந்த நீரை அளப்பார்கள். 50 மில்லிகிராமில் 98 சதவீதம் போனால் மிச்சம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு 0.01 மில்லிகிராம். அதாவது, வெற்றிகரமாகச் சுத்தம் செய்ததாகச் சொல்லும் அந்தத் தண்ணீரில் குடிக்கத்தக்க அளவைப்போல் 100 மடங்கு ஈயம் இன்னும் இருக்கிறது. உங்கள் கிணற்று நீரைவிட அது 25 மடங்கு மோசம்! கட்டுரை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. தொழிற்சாலைக் கழிவுநீரை மனதில் வைத்து அவர்கள் அப்படிச் சோதித்திருக்கலாம். அங்கே 50-ஐ 1 ஆக்குவது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் நீக்கிய சதவீதத்தைப் பார்த்துக் குடிநீரை எடைபோட முடியாது. கரியை இரண்டு மடங்கு போட்டால் சதவீதமும் ஏறிவிடும், அது கரியின் தரத்தையே சொல்வதில்லை. முடிவில் தண்ணீரில் மிஞ்சியது எவ்வளவு, அதற்கு எவ்வளவு கரி செலவானது என்ற இரண்டு எண்களையும் தேடுங்கள்.

இதே கட்டுரைகளில் இன்னோர் எண்ணும் கண்ணில் படும்: ஒரு கிராம் கரி அதிகபட்சம் இத்தனை மில்லிகிராம் ஈயத்தைப் பிடிக்கும் என்பது. இது இர்விங் லாங்மியூர் 1918-இல் தந்த சமன்பாட்டிலிருந்து வருகிறது. கரியின் மேற்பரப்பில் இருக்கைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இருக்கையும் நிரம்பினால் எவ்வளவு உலோகம் உட்காரும் என்பதே அந்த அதிகபட்சம். தண்ணீரில் உலோகம் நிறைய இருந்தால்தான் இருக்கைகள் நிரம்பும். குறைவாக இருந்தால் பெரும்பாலானவை காலியாகவே கிடக்கும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை, கணக்கின் போக்கு எல்லாக் கரிக்கும் பொருந்தும். அதிகபட்சக் கொள்ளளவு கிராமுக்கு 100 மில்லிகிராம், பிடிப்பின் வலுவைச் சொல்லும் மாறிலி மில்லிகிராமுக்கு 0.1 லிட்டர் என்று ஒரு கரியை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் மிஞ்சும் ஈயம் 0.01 மில்லிகிராமாக இருக்க வேண்டும் என்று அதே சமன்பாட்டில் போட்டால், அந்தக் கரி பிடித்து வைத்திருப்பது கிராமுக்கு 0.1 மில்லிகிராம்தான். விளம்பரப்படுத்திய கொள்ளளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

உங்கள் 0.04 மில்லிகிராமை 0.01-க்குக் கொண்டுவர, 1,000 லிட்டரில் 30 மில்லிகிராம் ஈயத்தை எடுக்க வேண்டும். பெரிய எண்ணை நம்பினால் 0.3 கிராம் கரி போதும் என்று தோன்றும். குலுக்கி வடிக்கும் முறையில் உண்மையில் தேவைப்படுவது 300 கிராம், அதுவும் வேறெதுவும் கலக்காத தூய நீரில். தண்ணீரைக் கரி நிரப்பிய ஒரு படுகை வழியாக ஓட விட்டால் கணக்கு கொஞ்சம் நமக்குச் சாதகமாக மாறும். உள்ளே நுழையும் முனையிலுள்ள கரி 0.04 மில்லிகிராம் உள்ள நீரோடு தொடர்பில் இருப்பதால், அது கிராமுக்கு சுமார் 0.4 மில்லிகிராம் வரை ஏற்கும், வெளியேறும் முனையில் புதுக்கரி காவலுக்கு நிற்கும். வடிகட்டிகளைப் படுகையாகக் கட்டுவதற்கு இது முக்கியமான காரணம். ஆனாலும் 100 எங்கே, 0.4 எங்கே? ஆகவே, கட்டுரையில் அதிகபட்சக் கொள்ளளவைக் கண்டால் அதைத் தாண்டிப் போய், வரைபடத்தின் இடது மூலையில், உங்கள் தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில், ஒரு புள்ளியாவது அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல கட்டுரைகளில் அந்த மூலை வெறுமையாகத்தான் இருக்கும்.

கரி உலோகத்தை எப்படிப் பிடிக்கிறது என்பதிலும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கிளர்வூட்டிய கரியின் ஒரு கிராமில் 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை மேற்பரப்பு இருக்கும் என்பது உண்மை. அதனால் அது எதையும் ஸ்பாஞ்சு மாதிரி இழுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பரப்பில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகிய நுண்துளைகளின் சுவர், அதன் இயல்பு எண்ணெய்த்தன்மை கொண்டது. குளோரின், பூச்சிக்கொல்லி, நாற்றம் தரும் கரிமப் பொருள்கள் ஆகியவற்றுக்கு அது அருமையான இடம். ஈய அயனி அப்படிப்பட்டதல்ல. அது இரண்டு நேர்மின்சுமையோடு, சுற்றிலும் நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு வருகிறது. வெறும் கார்பன் சுவரில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. அது பிடிபடுவது சுவரின் ஓரங்களில் இருக்கும் ஆக்சிஜன் தொகுதிகளில், முக்கியமாக கார்பாக்சில் தொகுதிகளிலும் பீனால் தொகுதிகளிலும். அவை தங்கள் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர்மின்சுமை பெறும்போது உலோக அயனி வந்து அங்கே அமரும். பெரும்பாலும் இது ஓர் அயனிப் பரிமாற்றம்தான். கரியை நைட்ரிக் அமிலத்தில் இட்டு ஆக்சிஜனேற்றம் செய்தால் மேற்பரப்பு குறைந்தாலும் ஈயத்தையும் காட்மியத்தையும் பிடிக்கும் திறன் கூடுவது இதனால்தான். கடைகளில் கரியின் தரத்துக்குச் சொல்லும் அயோடின் எண், உலோகத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு ஏறக்குறைய எதையும் சொல்லாது. அது நுண்துளைகளின் அளவுகோல்.

இங்கே பிஎச், அதாவது தண்ணீர் எவ்வளவு புளிப்பு அல்லது காரம் என்று சொல்லும் எண், உள்ளே வருகிறது. ஒவ்வொரு கரிக்கும் அதன் மேற்பரப்பில் நிகர மின்சுமை பூச்சியமாகும் ஒரு பிஎச் உண்டு. தண்ணீரின் பிஎச் அதற்குக் கீழே இருந்தால் மேற்பரப்பு நேர்மின்சுமை பெற்று ஈயத்தைத் தள்ளும். மேலே இருந்தால் எதிர்மின்சுமை பெற்று இழுக்கும். அதனால் பிஎச் ஏற ஏற ஈயம் நன்றாக நீங்குவதாக எல்லாக் கட்டுரையிலும் ஒரு கோடு மேலே போகும். அதில் ஒரு பொறி இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். ஆய்வு தொடங்கிய காலத்தில் பிஎச் 7-க்கு மேல் என் கரி கிட்டத்தட்ட எல்லா ஈயத்தையும் எடுத்துவிட்டது. பெரிய சந்தோஷம். வழிகாட்டியாக இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கரி போடாத குடுவையில் என்ன ஆனது? நான் அந்தக் குடுவையை வைக்கவே இல்லை. மறுநாள் வைத்துப் பார்த்தேன், அதிலும் பெரும்பகுதி ஈயம் காணாமல் போயிருந்தது. அடர்த்தியான ஈயக் கரைசலில் பிஎச் 6-க்கு மேல் போகப் போக ஈயம் ஹைட்ராக்சைடாகவோ கார்பனேட்டாகவோ வீழ்படிவாகிவிடும். கரி செய்யாத வேலைக்குக் கரிக்குப் பாராட்டு கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து எந்தக் கட்டுரையை எடுத்தாலும் கரியில்லாத ஒப்பீட்டுக் குடுவை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இல்லையென்றால் அந்த எண்ணைச் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

நீங்கள் ஈயத்தை மட்டும் கேட்டீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் "மற்ற கன உலோகங்களும் சேர்ந்தே போய்விடும்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். போகாது. கன உலோகம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் தண்ணீரில் அவை வெவ்வேறு ஆட்கள். ஈயம், காட்மியம், தாமிரம், நிக்கல் ஆகியவை சாதாரணமாக நேர்மின் அயனிகள், மேலே சொன்னது அவற்றுக்குப் பொருந்தும். அவற்றிலும் ஈயம்தான் எளிதில் பிடிபடும், நிக்கலும் காட்மியமும் பிடிகொடுக்காமல் நழுவும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நேர்மாறானது. அது குரோமேட் என்ற எதிர்மின் அயனியாகத் திரிகிறது. பிஎச் 2, 3 போன்ற புளிப்பான நீரில்தான் கரி அதை நன்றாகப் பிடிக்கும், குடிநீரின் பிஎச்-இல் பிடிப்பு மிகவும் தளர்ந்துவிடும். இன்னொன்று, அமில நீரில் கரி குரோமியத்தைப் பிடிப்பதோடு நிற்பதில்லை, அதை மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமாக ஒடுக்கவும் செய்கிறது. நச்சுத்தன்மை குறைவது நல்லதுதான். ஆனால் அப்படி மாறிய குரோமியம் திரும்பத் தண்ணீருக்குள் வந்துவிடலாம். ஆறு இணைதிறன் குரோமியத்தை மட்டும் நிறமாற்றச் சோதனையில் அளந்தவர்கள், குரோமியம் முழுவதும் கரியில் ஒட்டிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். மொத்தக் குரோமியத்தையும் அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஆர்சனிக் இன்னும் சிக்கல். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் அது ஆர்சனிக் மூன்று என்ற வடிவில், பிஎச் 9 வரைக்கும் மின்சுமையே இல்லாத மூலக்கூறாக இருக்கும். இழுக்கவும் தள்ளவும் பிடிமானம் கிடையாது. ஆக்சிஜனேற்றம் செய்து ஆர்சனிக் ஐந்தாக மாற்றினால் எதிர்மின் அயனியாகும், அப்போது அதைப் பிடிக்க ஏற்றது இரும்பு ஆக்சைடு, கார்பன் அல்ல. வங்கதேசக் கிராமங்களுக்காக வேதியியலாளர் அபுல் ஹுசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டி 2007-இல் கிரைஞ்சர் சவால் பரிசை வென்றது. அதில் மரக்கரியும் உண்டு, மணலும் உண்டு. ஆனால் ஆர்சனிக்கைப் பிடிப்பது அதிலுள்ள இரும்புக் கலவை, கரி மற்ற கரிமப் பொருள்களைக் கவனித்துக்கொள்கிறது. கரி இருக்கிறது, ஆர்சனிக் போகிறது, ஆகவே கரிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பாதரசத்துக்குக் கந்தகம் ஏற்றிய கரி நன்றாக வேலை செய்யும், பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் இடையே அவ்வளவு பலமான பிணைப்பு.

இனி உங்கள் கிணற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் ஆய்வகமும் கிணறும் பிரியும் இடம் இதுதான். காய்ச்சி வடித்த நீரில் ஈயத்துக்குப் போட்டியே இல்லை. கிணற்று நீரில் கால்சியம் இருக்கும். உங்கள் அறிக்கையில் கடினத்தன்மையைக் குறிப்பிடவில்லை, ஆகவே ஓர் உத்தேசக் கணக்கு. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியமும் 0.05 மில்லிகிராம் ஈயமும் இருந்தால், ஓர் ஈய அயனிக்குச் சுமார் பத்தாயிரம் கால்சியம் அயனிகள் அதே இருக்கைக்குக் காத்திருக்கின்றன. கார்பாக்சில் தொகுதிக்கு ஈயத்தின் மேல் பிரியம் அதிகம் என்பதால் ஈயம் முழுவதும் தோற்றுவிடாது, ஆனால் கொள்ளளவு கணிசமாகக் குறையும். எவ்வளவு குறையும் என்பதைப் பொதுவாகச் சொல்லவே முடியாது, உங்கள் தண்ணீரை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இலைதழை மட்கி வரும் கரிமப் பொருள்கள் இரு விதமாகவும் விளையாடும். சில சமயம் துளைகளை அடைத்துவிடும், சில சமயம் ஈயத்தைத் தாங்களே கட்டிக்கொண்டு கரி வழியாக நழுவிப் போய்விடும்.

படுகை நிரம்பிய பிறகு நடப்பது பலருக்குத் தெரியாத விஷயம், எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுதான். முதலில் வெளிவரும் நீரில் உலோகம் அநேகமாக இருக்காது. ஒரு கட்டத்தில் மெல்லத் தலைகாட்டி, பிறகு வேகமாக ஏறி, உள்ளே வரும் அளவை எட்டும். அங்கே நின்றால் பரவாயில்லை. தளர்வாகப் பிடிபட்ட காட்மியம், நிக்கல் போன்றவற்றை, பின்னால் வரும் வலுவான அயனிகள் இருக்கையிலிருந்து தள்ளிவிடும். அப்போது உள்ளே போனதைவிட அதிக உலோகம் வெளியே வரும். தண்ணீரின் பிஎச் திடீரென்று இறங்கினாலும் இதே கதைதான், பிடித்து வைத்திருந்ததைக் கரி விட்டுவிடும். நிறமில்லை, சுவையில்லை, நாற்றமில்லை. மாதக்கணக்கில் சேர்ந்ததை ஒரு வாரத்தில் குடித்துவிடக் கூடும். மாற்றாமல் விட்ட வடிகட்டி பயனற்றது மட்டுமல்ல, சில நேரம் வடிகட்டி இல்லாததைவிட ஆபத்தானது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

வீட்டில் கரி சுடும் யோசனையை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். சாதாரணமாகச் சுட்ட கரியில் துளைகள் சரியாகத் திறப்பதில்லை. தொழிற்சாலையில் 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவி செலுத்தியோ, பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுமார் 500 டிகிரியில் சுட்டோ கிளர்வூட்டுகிறார்கள். வீட்டு அடுப்பில் அது நடக்காது. ஆனால் உங்களை ஏமாற்றக்கூடிய இன்னொன்று நடக்கும். வீட்டுக்கரியில் சாம்பல் நிறைய இருக்கும், அது தண்ணீரின் பிஎச்-ஐ ஏற்றும், ஈயத்தில் ஒரு பகுதி அதனால் வீழ்படிவாகிக் கரியிடுக்கில் தங்கும். முதல் சில நாட்களில் சோதித்தால் முடிவு அழகாக வரும். சாம்பல் கழுவிப் போனதும் அந்தப் பலன் தேய்ந்துவிடும், நீங்களோ முதல் அறிக்கையை நம்பிக் குடித்துக்கொண்டே இருப்பீர்கள். கரியிலிருந்து நுண்தூள் வருவதும், ஈரமான கரிப்படுகையில் கிருமிகள் பெருகுவதும் தனிப் பிரச்சினைகள்.

இதையெல்லாம் வைத்துப் பயோசாரை, அதாவது காற்றுப் புகாமல் சுட்ட தாவர, சாணக் கரியை, நான் ஒதுக்கிவிடவில்லை. மண்ணிலும் கழிவுநீரிலும் அது நல்ல பொருள். சாணத்திலிருந்து செய்த கரியில் பாஸ்பேட் அதிகம், அது ஈயத்தோடு சேர்ந்து மிகக் குறைவாகவே கரையும் ஈய பாஸ்பேட் கனிமமாக மாறிவிடும். 300, 400 டிகிரியில் சுட்டால் ஆக்சிஜன் தொகுதிகள் மிஞ்சும், 700-க்குப் போனால் பரப்பு கூடித் தொகுதிகள் குறையும். இரண்டில் எது நல்லது என்பது எந்த உலோகம், எந்த நீர் என்பதைப் பொறுத்தது. பாஸ்பேட்டும் கார்பனேட்டும் செய்த வேலை எவ்வளவு, கார்பன் செய்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் எல்லாவற்றையும் பரப்புக் கவர்ச்சி, அதாவது கரியின் மேற்பரப்பில் ஒட்டியது, என்ற கணக்கில் எழுதும் பழக்கம் இந்தத் துறையில் உண்டு. இங்கே எண்களைக் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராஃபீன் ஆக்சைடு ஆக்சிஜன் தொகுதிகள் நிறைந்த மெல்லிய தாள், ஆகவே உலோக அயனிகளை அது பலமாகப் பிடிப்பதில் வியப்பில்லை. அதன் அறிவியல் உறுதியானது. சந்தேகம் மற்ற இடங்களில் இருக்கிறது. தண்ணீரில் அது பால்போலக் கலந்துவிடும், வேலை முடிந்ததும் அதைத் திரும்ப எடுப்பதுதான் பெரும்பாடு. எடுக்காவிட்டால் ஈயத்தைச் சுமந்த நுண்தாள்களையே குடிப்போம். 1958-இல் ஹம்மர்ஸும் ஆஃபெமனும் தந்த முறையில் அதைச் செய்யும்போது கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் பயன்படுகின்றன, சரியாகக் கழுவாவிட்டால் மாங்கனீசு தங்கிவிடும். கார்பன் நானோகுழாய்களில், வளர்க்கப் பயன்படுத்திய நிக்கல், கோபால்ட், இரும்பு போன்ற வினையூக்கிகளின் மிச்சம் இருக்கும். உலோகத்தை எடுக்கப் போய் உலோகத்தைச் சேர்க்கும் நிலை வரலாம். இந்தப் பொருள்களை நீண்ட காலம் உட்கொண்டால் உடலில் என்ன நடக்கும் என்பது இன்னும் முடிவுக்கு வராத கேள்வி. தூளாக வாங்கி வீட்டில் பயன்படுத்த வேண்டாம்.

அப்படியானால் கார்பன் வடிகட்டி எதுவுமே உதவாதா என்றால், உதவும். வடிகட்டிகளுக்கான அமெரிக்காவின் என்எஸ்எஃப் (NSF) தரநிலைகளில் 42 என்பது சுவைக்கும் குளோரினுக்கும், 53 என்பது உடல்நலம் சார்ந்த மாசுகளுக்கும். 53-இல் ஈயத்துக்குச் சான்று பெற வேண்டுமானால், லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஈயம் உள்ள நீரை பிஎச் 6.5-இலும் 8.5-இலும் தனித்தனியாகச் செலுத்தி, வெளிவருவது 0.005 மில்லிகிராமைத் தாண்டவில்லை என்று காட்ட வேண்டும். பிஎச் 8.5-இல் ஈயத்தின் ஒரு பகுதி துகளாக இருக்கும் என்பதால் கரைந்த ஈயம், துகள் ஈயம் இரண்டுக்குமே அது சோதனை. நீங்கள் முதலில் படித்த 98 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: இங்கே தொடங்கும் அளவு உங்கள் கிணற்றுக்கு நெருக்கமானது, முடிவு சதவீதத்தில் அல்லாமல் மிச்சத்தில் சொல்லப்படுகிறது. இந்தச் சான்று பெற்றவற்றில் பல, தூள் கார்பனை அழுத்திச் செய்த கட்டிகள். ஈயத்துக்கென்றே டைட்டானியம் சிலிகேட் போன்ற ஓர் அயனிப் பரிமாற்றப் பொருளையும் பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். பெட்டியில் கார்பன் என்று எழுதியிருந்தாலும் ஈயத்தைப் பிடிப்பதில் அந்தச் சேர்க்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் தன் நீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றி, குழாய் அரிப்பைத் தடுக்கும் சேர்மத்தைச் சேர்க்காமல் விட்டதால் ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் இறங்கியது. அங்கே வீடுகளுக்குக் கொடுத்தவையும் இப்படிச் சான்று பெற்ற குழாய் வடிகட்டிகள்தான். 0.15 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருந்த வீடுகளிலும் அவை வேலை செய்ததை 2016-இல் சோதித்து உறுதிப்படுத்தினார்கள். ஆர்ஓ வடிகட்டியும் ஈயத்தை நன்றாக எடுக்கும். வாங்கும்போது "கன உலோகங்களை நீக்கும்" என்ற வாசகம் போதாது, ஈயம் என்று பெயர் சொல்லி, எத்தனை லிட்டர் வரை என்று எழுதியிருக்க வேண்டும். அந்த லிட்டர் கணக்கு முடிவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், தண்ணீர் நன்றாகத்தானே வருகிறது என்று நீட்டிக்காதீர்கள்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அந்த 0.04 கிணற்றில் இருக்கிறதா, குழாயில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த வரையில் வீட்டுத் தண்ணீரில் ஈயம் என்று வந்த அறிக்கைகளில் பலவற்றுக்குக் காரணம் நிலத்தடி நீராக இருக்கவில்லை. பித்தளைப் பொருத்துகள், பழைய பற்றவைப்பு, பம்பின் பாகங்கள் என்று எங்கிருந்தாவது ஈயம் இறங்கியிருந்தது. இரவு முழுக்கக் குழாய் மூடியிருந்து, காலையில் திறந்ததும் வரும் முதல் நீரை ஒரு பாட்டிலிலும், ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு வரும் நீரை இன்னொன்றிலும், கிணற்றிலிருந்து நேரடியாக எடுத்ததை மூன்றாவதிலும் பிடியுங்கள். ஆய்வகம் தரும் பாட்டிலையே பயன்படுத்துங்கள், ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டாமலிருக்க அவர்கள் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். முதல் பாட்டிலில் மட்டும் ஈயம் அதிகமென்றால் குற்றவாளி குழாய்தான், பொருத்தை மாற்றுவது எந்தக் கரியையும்விட நிரந்தரமான தீர்வு. கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், 0.04 மில்லிகிராம் அதன் கண்ணுக்கே தெரியாது. கொதிக்க வைப்பதும் உதவாது, நீர் ஆவியாகி ஈயம் அங்கேயே தங்கி அடர்த்திதான் கூடும். முடிவு தெரியும்வரை குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேறு தண்ணீர் எடுங்கள். அதே நீரில் குளிக்கலாம், ஈயம் தோல் வழியாக உடலுக்குள் போவது மிகக் குறைவு.

கடைசியாக, தீர்ந்துபோன கரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கரி உலோகத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. பூச்சிக்கொல்லி பிடித்த கரியைச் சூடாக்கிப் புதுப்பிக்கலாம், உலோகம் பிடித்த கரியை அப்படிச் செய்ய முடியாது. நீர்த்த அமிலத்தில் கழுவினால் ஈயம் இறங்கும், கரியையும் சில தடவை திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் கையில் ஈயம் செறிந்த அமிலம் மிஞ்சும். ஆலைகளுக்கு அது சரிப்படும், வீட்டுக்கு ஒத்துவராது. எரிக்கவே கூடாது: பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்துப் புகையோடு போகும், ஆர்சனிக்கும் காட்மியமும் நெருப்பின் வெப்பத்தில் ஆவியாகும். ஈயம் சாம்பலில் தங்கி, காற்றில் பறக்கும் தூசியாகும். தோட்டத்தில் எருவாகப் போடுவதும் கூடாது, மண்ணின் புளிப்பு அதைத் திரும்ப அவிழ்த்துவிடும். பழைய கார்ட்ரிட்ஜை நன்கு மூடி, பேட்டரி போன்ற அபாயக் கழிவுகளைத் தனியாக வாங்கும் இடம் இருந்தால் அங்கே கொடுங்கள்.

மூன்று பாட்டில்களின் முடிவும், கூடவே பிஎச், கடினத்தன்மை, இரும்பு ஆகிய மூன்று எண்களும் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள். எந்த வகை வடிகட்டி, எத்தனை லிட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்று அப்போது உங்கள் தண்ணீருக்கே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.